ஆர்தர் சி. கிளார்க்: கிழக்குக் கரையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மாணவர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

அவர் இலங்கையரா, வெள்ளைக்காரரா?

பிறப்பால் ஆங்கிலேயர். 1917 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் மைன்ஹெட் என்ற கரையோர ஊரில் பிறந்தார். அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளில் சுழியோடப் போகும் வழியில், 1954 டிசம்பரில் அவருடைய கப்பல் கொழும்பில் நின்றது. உள்ளூர்ச் சுழியோடி ரொட்னி ஜொங்க்ளாஸைச் சந்தித்தது அப்போதுதான். 1956இல் இங்கேயே குடியேறினார். பிரித்தானியப் பிரசையாகவே கடைசிவரை இருந்தார். 1975 முதல் இலங்கையில் ‘வதிவிட விருந்தினர்’ என்ற தகுதி. 2005இல் இலங்கையின் அதியுயர் குடிமை விருதான ஸ்ரீலங்காபிமான்ய கிடைத்தது. 2008 மார்ச் 19 அன்று, 90ஆவது வயதில், கொழும்பில் காலமானார். பொரளை பொது மயானத்தில் அடக்கம். மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார், அப்படியே நடந்தது.

தீவுக்கு வந்தது எழுதவா, கடலுக்கா?

கடலுக்கு. விண்வெளியில் பாரமில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்பதைப் பூமியில் இருந்தபடி உணர ஒரே வழி சுழியோடுவதுதான் என்பது அவருடைய கணக்கு. எழுத்து அந்தக் கடலுக்குப் பணம் கட்டியது. 1962இல் அவருக்கு உடல் செயலிழந்தது, காரணம் போலியோ. 1980களின் இறுதியில் அதன் பின்விளைவு நோய் திரும்பத் தாக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தியது. நிலத்தில் நடக்க முடியாத காலத்திலும் தண்ணீருக்குள் அவர் சுதந்திரமான ஆள்தான்.

கோணேசர் கோயில் இடிபாட்டைக் கடலுக்கடியில் கண்டெடுத்தது அவர்தானே?

அவர் மட்டும் அல்ல. 1956இல் திருகோணமலை சுவாமி மலையடியில் இறங்கியவர்கள் அவரும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும். செதுக்கிய தூண்களும் கற்களும் அங்கே கிடந்தன. 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் பகுதிகள் அவை. மலை கடலுக்குள் செங்குத்தாக இறங்குவதால் உச்சியிலிருந்து விழுந்த கல் நேரே நீருக்குள்தான் போகும். அதனால்தான் அங்கே மிஞ்சியது. நிலத்தில் விழுந்த கல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கோட்டைச் சுவருக்குப் போய்விட்டது. சுவாமி மலையைப் பற்றி, 1957இல் வந்த ‘த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ நூலில் கிளார்க் எழுதியிருக்கிறார். எழுதியவர் பெயர் நிலைத்துவிட்டது, கூட இறங்கியவர் பெயர் மறந்துபோயிற்று. மேடையில் பேசுவோர் வில்சனையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

புதையல் கதை உண்மையா?

உண்மை. 1961இல், தென்கிழக்குக் கரையில் கிரிந்தைக்கு அப்பால் கிறேட் பாசஸ் பாறைத்தொடரில் மைக் வில்சனும் உடன்போன இரு சிறுவர்களும் ஒரு பழைய கப்பல் சிதைவைக் கண்டார்கள். பொத்துவில், குமண, யால என்று கரையோடு தெற்கே போனால் வரும் கடல் அது. கிடைத்தவை ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள். பைபையாகக் கட்டியிருந்தவை பையின் வடிவிலேயே இறுகிக் கட்டியாகியிருந்தன. அந்தப் பாறையில் கடல் அமைதியாக இருப்பது இரண்டு பருவக்காற்றுக்கும் இடையே, மார்ச், ஏப்ரலில் சில கிழமை மட்டும். மற்ற மாதங்களில் அலை ஆளைப் பாறையில் அடித்துவிடும்.

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலோடு அவருக்குத் தொடர்பு உண்டா?

அவர் பெயரை அதோடு ஒட்டுவதற்கு ஆதாரம் காட்டுவோர் யாருமில்லை; ஒட்டாமல் விடுங்கள். கப்பலின் கதை தனிக்கதை. பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸை 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றரில், 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது.

கிளார்க்கை வாசித்துவிட்டு அங்கே இறங்கும் ஆசை வருபவர்களுக்கு ஒரு கணக்கு. 50 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல ஆறு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்று இழுப்பவர் கீழே 120 லீற்றர் இழுப்பார். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது 2,400 லீற்றர். முழுதும் கீழேயே செலவழித்தால் 20 நிமிடம். ஆனால் ஏறிவரவும், வழியில் நின்று நைதரசனை வெளியேற்றவும் அதே சிலிண்டர்தான். ஆகவே நடைமுறையில் அடியில் நிற்பது சொற்ப நிமிடம். அந்த ஆழத்தில் நைதரசன் மயக்கமும் சேரும். கள்ளுக் குடித்தவர்போல, ஆபத்து இருப்பதே தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர். இது அதற்கும் கீழே. தொழில்முறைப் பயிற்சி இல்லாதவருக்கு உரிய இடம் இல்லை. எங்கள் கரையில் கடல் தெளிவது சோளகக் காலத்தில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வாடை தொடங்கினால் கலங்கிவிடும்.

செய்மதியைக் கண்டுபிடித்தவர் கிளார்க் என்று பள்ளிக்கூட விவாதங்களில் சொல்கிறார்களே?

தப்பு. ஆனால் அரைத் தப்புத்தான். பூமியோடு சேர்ந்து சுற்றும் ஒரு சுற்றுப்பாதை (புவிநிலைப் பாதை) இருக்கிறது என்பதை அவருக்கு முன்பே விண்வெளிப் பயண முன்னோடிகளான சியோல்கோவ்ஸ்கியும் பொத்தொச்னிக்கும் எழுதிவிட்டார்கள். 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் கிளார்க் சேர்த்தது இதை: அந்தப் பாதையில் 120 பாகை இடைவெளியில் மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம். காப்புரிமை எடுக்கவில்லை. கட்டுரைக்குக் கிடைத்தது 15 பவுண். கோடிக்கணக்கான டொலரை ஓய்வு நேரத்தில் இழந்தேன் என்று பின்னாளில் அவரே பகிடியாக எழுதினார்.

கட்டுரையில் ஒரு பிழை உண்டு. அதுதான் வாசிக்கச் சுவையானது. நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று எழுதினார். ஏன்? அக்காலத்து வானொலி வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும், மாற்ற ஆள் வேண்டும். இரண்டே வருடத்தில், 1947இல், திரான்சிஸ்ரர் வந்து ஆளுக்கான தேவையை இல்லாமல் ஆக்கியது. 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி புவிநிலைப் பாதையில் நின்றபோது உள்ளே யாரும் இல்லை.

புவிநிலைப் பாதையின் உயரம் 35,786 கிலோமீற்றர் என்பது எப்படி வருகிறது?

உயர்தர மாணவர் எவரும் கல்குலேற்றரில் போட்டுப் பார்க்கலாம். பூமியின் ஈர்ப்பு மாறிலி 3,98,600 (கிலோமீற்றர், செக்கன் அலகில்). அதைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். பையின் (π) வர்க்கத்தின் நான்கு மடங்கால், அதாவது 39.478ஆல், வகுங்கள். வருவதற்குக் கனமூலம் எடுத்தால் பூமி மையத்திலிருந்து 42,164 கிலோமீற்றர். பூமியின் மத்திய கோட்டு ஆரை 6,378ஐக் கழித்தால் 35,786.

எல்லோரும் வழுக்கும் இடம் சுற்றுக்காலம். 24 மணி என்று நினைத்து 86,400 செக்கன் போடுகிறார்கள். அது சூரியனை வைத்து அளந்த நாள். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு முறை சுழல எடுப்பது 86,164 செக்கன். நான்கு நிமிடம் குறைவு. 86,400 போட்டால் 35,863 வரும், 77 கிலோமீற்றர் பிழை. அங்கே விட்ட செய்மதி நின்ற இடத்தில் நிற்காது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை மேற்கே நழுவிக்கொண்டே போகும்.

எங்கட வீட்டுக் கூரையில இருக்கிற தட்டுக்கும் இதற்கும் என்ன?

அந்தத் தட்டு பார்த்துக்கொண்டிருப்பதே கிளார்க் சொன்ன பாதையைத்தான். செய்மதி நகர்வதாக இருந்தால் தட்டையும் மோட்டார் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் நிற்கும் செய்மதியைப் பிடிப்பதாக வையுங்கள். திசை: வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 260 பாகை, அதாவது நேர் மேற்கிலிருந்து பத்துப் பாகை தெற்கே. ஏற்றம்: அடிவானிலிருந்து 47 பாகை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் ஒரு பாகை அளவில்தான் மாறும்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, வீட்டுத் தட்டுகளில் சமிக்ஞையை வாங்கும் தலை (LNB) நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும். அந்தத் தள்ளல் 24 பாகை என்றால், 47 பாகை ஏற்றத்துக்குத் தட்டின் முகம் 23 பாகைதான் மேலே பார்க்கும். பார்ப்பவருக்குச் சுவரைப் பார்ப்பதுபோலத் தோன்றும். ‘நிமிர்த்தி விடுவம்’ என்று நிமிர்த்தினால் போச்சு. இரண்டாவது, கைப்பேசித் திசைகாட்டியை இரும்புக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். மூன்றாவது உப்புக்காற்று: கடற்கரை வீதி வீடுகளில் கேபிள் முனை பச்சை பிடித்துச் சமிக்ஞை மெல்லமெல்லத் தேயும். தட்டைத் திருப்ப முன் முனையைக் கழற்றிப் பாருங்கள்.

60 சென்ரிமீற்றர் தட்டில் இரண்டு மூன்று பாகை பிசகினாலே படம் போய்விடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்களுக்குப் பின்னேரம் மூன்று மணியை அண்டிச் சில நிமிடம் படம் உடைந்தால் எதையும் தொட வேண்டாம். சூரியன் செய்மதிக்கு நேர்ப் பின்னால் வந்து நிற்கிறது, தானாக விலகும்.

எழுத்து அவருக்கு எப்போது தொழிலானது?

மெதுவாக. 1936இல் லண்டனில் அரசாங்கக் கணக்காய்வு எழுதுவினைஞர் வேலை. போர்க்காலத்தில் விமானப்படையில், மூடுபனியில் விமானத்தைத் தரையிறக்க உதவும் ராடர் பிரிவு. 1946இல் விஞ்ஞானக் கதைகள் அச்சேறத் தொடங்கின. போர் முடிந்த பின்தான் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், கணிதத்திலும் பௌதிகத்திலும் 1948இல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு பௌதிக ஆய்வுச் சுருக்கங்கள் வெளியிடும் இதழில் உதவி ஆசிரியர். நாளெல்லாம் உலகத்துப் பௌதிகக் கட்டுரைகளை வாசிக்கச் சம்பளம் தந்த வேலை. விஞ்ஞானக் கதை எழுதுபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவரை முழுநேர எழுத்தாளராக்கியது கதை அல்ல. 1951இல் வந்த, விண்வெளிப் பயணத்தைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் கட்டுரை நூல் அமெரிக்க மாதாந்தப் புத்தகக் கழகத்தின் தெரிவானது. அந்த வருமானம்தான் வேலையை விட வைத்தது. 1948இல் ஒரு பி.பி.சி. போட்டிக்கு எழுதிய ‘த சென்ரினல்’ என்ற சிறுகதை பரிசு பெறவில்லை. பதினாறு வருடம் கழித்து அது ‘2001’ திரைப்படத்தின் விதையானது.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ நாவலைத்தானே படமாக்கினார்கள்?

இல்லை. 1964 முதல் கிளார்க்கும் இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்கும் நாவலையும் திரைக்கதையையும் பக்கம்பக்கமாக வளர்த்தார்கள். படம் 1968 ஏப்ரலில் வந்தது, நாவல் சில மாதம் பிந்தி. அதனால் இரண்டும் ஒத்துப்போகாது. படத்தில் பயணம் வியாழனுக்கு, நாவலில் சனிக்கோளுக்கு. ‘ஹால்’ என்ற கணினியின் பெயர் ஐ.பி.எம். என்ற பெரிய கணினி நிறுவனத்தின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பின்தள்ளி வைத்தது என்ற கதையைக் கிளார்க் பல முறை மறுத்திருக்கிறார்.

இலங்கையை வைத்து அவர் எழுதிய நாவல் எது?

1979இல் வந்த ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’. ஹியூகோ, நெபியூலா இரண்டு விருதும் பெற்றது. பூமியிலிருந்து புவிநிலைப் பாதை வரை கம்பி கட்டி அதில் லிப்ட் விடுவதுதான் கதை. எண்ணம் ரஷ்யப் பொறியியலாளர் யூரி அர்த்சுத்தனோவுடையது. அதைத் தீவுக்குள் கொண்டுவந்தது கிளார்க். சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் வேறு பெயர்களில் வரும்.

அதில் தீவை ஏன் 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளினார் என்று கேட்பவர்கள் மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். நிலைத்து நிற்கும் பாதை மத்திய கோட்டுக்கு மேல் மட்டும்தான் உண்டு. கம்பியின் அடியும் அங்கேதான் ஊன்ற வேண்டும். நாம் இருப்பது வடக்கே ஏழு பாகைக்கு மேல். கதைக்காகப் பௌதிகத்தை வளைக்காமல் தீவைத் தூக்கி நகர்த்தினார்; கிளார்க் யார் என்பதற்கு இந்த ஒரு முடிவே போதும்.

எதில் தொடங்கி வாசிப்பது?

‘த ஸ்ரார்’, ‘த நைன் பில்லியன் நேம்ஸ் ஒஃப் கோட்’ என்ற இரண்டு சிறுகதைகள். ஒரு பின்னேரத்தில் முடியும், ஆங்கிலமும் எளிது. பிறகு 1973இன் ‘ரொண்டேவூ வித் ராமா’. தலைப்பைப் பார்த்து இராமாயணம் என்று எடுத்தவர்கள் உண்டு. சிறுகோள்களுக்கு வைக்கக் கிரேக்க, உரோமப் பெயர்கள் தீர்ந்துபோய் இந்துத் தெய்வப் பெயர்களுக்கு வந்துவிட்டார்கள் என்பதுதான் நாவல் தரும் விளக்கம். அந்த ராமா 50 கிலோமீற்றர் அளவு நீளமான உருளை, ஏறத்தாழ மட்டக்களப்பு வாவியின் நீளம். கல்லடிப் பாலத்தில் நின்று தெற்கே பார்த்தபடி அளவை நினைத்துக்கொள்ளலாம். அதன் தொடர்ச்சி நூல்களில் அட்டையில் இருவர் பெயர் இருக்கும். எழுத்து பெரும்பாலும் ஜென்ரி லீயுடையது. அவற்றில் தொடங்கி ‘கிளார்க் இவ்வளவுதானா’ என்று விட்டுவிட வேண்டாம்.

கொழும்பில் இருந்துகொண்டு நியூயோர்க் பதிப்பாளருக்கு எப்படி எழுதினார்?

1982இல் வந்த ‘2010’ நாவலை ஆர்கைவ்ஸ் கணினியில் வேர்ட்ஸ்ரார் மென்பொருளில் தட்டினார். நாவல் முழுவதும் ஐந்து அங்குல நெகிழ்வட்டு ஒன்றில் கடல் கடந்து போனது. அதைப் படமாக்கியவரோடு கணினியும் மொடமும் தொலைபேசிக் கம்பியும் வைத்துத் தினம் செய்தி பரிமாறினார். எங்கிருந்தும் வேலை செய்யும் காலம் வரும் என்று 1964இலேயே தொலைக்காட்சியில் சொன்னவர்.

போரைப் பற்றி ஏதும் சொன்னாரா?

2007 டிசம்பரில், 90ஆவது பிறந்தநாள் செய்தியில் மூன்று ஆசைகள் சொன்னார்: வேற்றுலக உயிருக்குச் சான்று கிடைக்க வேண்டும், மனிதர் எண்ணெயைக் கைவிட வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். மூன்றில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

எங்கள் வாவியை வைத்து அவர் முறையில் ஒரு கதை எழுத முடியுமா?

முடியும், மீன் பாடலே போதும். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும் ஓசை ஊருக்குத் தெரிந்தது. கிளார்க் முறை என்பது ஒரே ஒரு விடயத்தை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் உள்ளபடி விடுவது. ஓசைக்குள் ஒரு செய்தி இருக்கிறது என்பது உங்கள் மாற்றம் என்று வையுங்கள். மிச்சத்தில் கைவைக்கக் கூடாது.

தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் போகும். வாவியின் 56 கிலோமீற்றரைக் கடக்க 37 செக்கன். ஆனால் ஆழம் குறைந்த சேற்றடி ஒலியைக் குடித்துவிடும். ஆகவே தெற்கு முனையில் எழுந்தது கல்லடியில் கேட்டது என்று எழுதினால், எப்படி என்று சொல்லக் கடமைப்பட்டவர் நீங்கள். நிலவையும் பெருக்கையும் முடிச்சுப் போடப் பலருக்கு ஆசை வரும். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. மணல் அடைத்து முகத்துவாரம் மூடிய காலத்தில் அதுவும் உள்ளே வராது. முகத்துவாரம் வெட்டிவிட்ட மாரியில் கதையை நடத்தினால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அப்போது மழை மேகத்தில் நிலவு தெரியாது. இந்த இறுக்கத்துக்குள்ளிருந்துதான் கதை வரும்.

விண்வெளிக்குப் போனால் உரையாடலில் கவனம். புவிநிலைச் செய்மதிக்குப் போய்வர ஒலிபரப்புக்குக் கால் செக்கன், நிலவுக்கு ஒரு வழியில் 1.3 செக்கன், செவ்வாய்க்கு இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். செவ்வாயில் இருக்கும் மகன் ‘ஓம் அம்மா’ என்று உடனே பதில் சொல்லும் வசனத்தை எழுதிவிட்டுத்தான் பலர் மாட்டுகிறார்கள்.

செய்மதியா, செயற்கைக்கோளா? எதை எழுதுவது?

இங்கே பாடப்புத்தகச் சொல் செய்மதி, தமிழ்நாட்டில் செயற்கைக்கோள். காரைதீவில் பிறந்த விஞ்ஞானப் பட்டதாரி சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய காலத்திலேயே இரு கரைக்கும் பொதுச்சொல் காண்பது பெரும்பாடு. கதையில் வரும் ஆள் மட்டக்களப்பார் என்றால் செய்மதி என்றே பேசட்டும். பாகை, செக்கன், மீற்றர் என்பவையும் அப்படித்தான். ஒரே கதைக்குள் இரண்டையும் கலந்தால்தான் வாசகர் இரண்டு வெவ்வேறு பொருள் என்று நினைத்துக் குழம்புவார்.